கையில் வந்த கோப்பு: பழிவாங்குவதா, கர்த்தருடைய வேளைக்குக் காத்திருப்பதா?

மஸ்கெலியா மகள் (இழையைத் தொடங்கியவர்) – ஞாயிறு, இரவு 9.40

மூன்று ஆண்டுகளாக இங்கே எழுதப்படுவதை வாசித்து வருகிறேன். எழுதுவது இன்றுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். தனியாக எடுக்கத் துணிவில்லை.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் 31 ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். 2011இல் வேலையிலிருந்து நின்றபோது ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கைக்கு வந்தன. சேவைக்காலப் பணம் ஆண்டுக்கு 14 நாள் கூலி என்ற கணக்கு. 31 ஆண்டுக்கு 434 நாள் கூலி. இந்த எண்ணை நான் எத்தனையோ இரவுகள் மனதில் பெருக்கிப் பார்த்திருக்கிறேன். இடுப்பில் படங்கு கட்டி, கால் விரலிடுக்கில் அட்டை கடிக்க, நனைந்த கொழுந்து என்று தராசில் கிலோ கழிக்க, அரை நாள் கூலி மட்டும் கிடைக்கும் 'அரைப் பேர்' விழுந்துவிடுமோ என்று பயந்து ஓடிய நாட்களின் கணக்கு அது.

சித்தப்பா அப்போது வீட்டுக்கு வந்தார். "அண்ணி, நானுஓயாப் பக்கம் மரக்கறித் தோட்டம் ஒன்று விலைக்கு வருகிறது. பாதி உங்கள் காசு, பாதி என் காசு. வருகிற இலாபத்தில் பிள்ளையைப் படிக்க வைக்கலாம்" என்றார். எழுத்து ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று அப்பா கேட்டார். "அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு?" என்று சித்தப்பா முகம் வாடினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. காணி உறுதி அவருடைய பெயரில் மட்டும் முடிந்தது. 2014இல், அப்பா நோயில் படுத்திருந்தபோது அம்மா போய்க் கேட்டார். "எந்தக் காசு அண்ணி?" என்று திருப்பிக் கேட்டாராம். அப்பா அந்த ஆண்டே இறந்துவிட்டார்.

நாங்கள் எல்லோரும் ஒரே ஆலயத்துக்குத்தான் போகிறோம். காணிக்கைப் பை எடுப்பவர் சித்தப்பா. ஒவ்வொரு ஞாயிறும் அவர் நீட்டுகிற பைக்குள் அம்மா 50 ரூபாய்த் தாளை நான்காக மடித்துப் போடுகிறார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவள் நான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு கடன் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சித்தப்பாவின் மரக்கறி லொறிக்கு லீசிங் இருக்கிறது, தவணைகள் தவறிவிட்டன. தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி கேட்ட விண்ணப்பம் சுற்றிச் சுழன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. நான் பொய் எழுத வேண்டியதில்லை. ஒரு கடிதம் குறைகிறது என்று கோப்பை இழுப்பறையில் வைத்தால் போதும். வெள்ளிக்கிழமை கடந்துவிடும், லொறியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது.

கூட வேலை செய்யும் தோழியும் விசுவாசிதான். "கர்த்தர் உன் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், இதுதான் அவருடைய வேளை" என்கிறாள். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் வறட்சிக் காலத்தில் தண்ணீர் இறங்கினால் மூழ்கிப்போன பழைய ஊரின் கோயில் தலைகாட்டும். எனக்குள்ளும் அப்படித்தான். எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன். கோப்பில் அவர் பெயரைப் பார்த்ததும் அடியில் கிடந்ததெல்லாம் மேலே வந்துவிட்டது. எனக்காக ஜெபியுங்கள், புத்தியும் சொல்லுங்கள்.

கொட்டகலை வாசகன் – ஞாயிறு, இரவு 10.15

சகோதரி, தவணை கட்டாதவர் அவர். விதியை நீங்கள் மாற்றவில்லை. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும் என்று விடுங்கள். விதைத்ததை அறுக்கிறார், அவ்வளவுதான். உங்கள் அம்மாவின் கண்ணீருக்குக் கிடைத்த பதிலாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

ஹப்புத்தளை டீச்சர் – திங்கள், காலை 6.05

மகள், இரவே வாசித்துவிட்டேன். உடனே பதில் எழுதாமல் 1 சாமுவேல் 24ஐ மறுபடி திறந்து படித்தேன். உங்கள் தோழி சொன்ன வார்த்தை அங்கே அப்படியே இருக்கிறது.

சவுல் ராஜா தாவீதைக் கொல்ல 3000 பேரோடு தேடி என்கேதி வனாந்தரத்துக்கு வருகிறான். குகைக்குள் தனியாக நுழைகிறான். அதே குகையின் உள்பக்கத்தில் தாவீதும் அவன் ஆட்களும் ஒளிந்திருக்கிறார்கள். அப்போது அந்த ஆட்கள் தாவீதிடம் சொல்வது என்ன? உன் சத்துருவை உன் கையில் ஒப்புக்கொடுப்பேன் என்று "கர்த்தர் உன்னோடே சொன்ன நாள் இதுவே" என்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தும் நான் கவனிக்கத் தவறிய இடம் இது. கர்த்தருடைய வேளை என்ற பேச்சை அந்தக் குகையில் எடுத்தவர்கள் கொல்லச் சொன்னவர்கள்தான். தாவீது அந்தப் பேச்சை நம்பவில்லை. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக அதைத் திறந்தவர் கர்த்தர் என்று அவன் முடிவு கட்டவில்லை.

அவன் செய்தது ஒன்றுதான், சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்தான். ஒரு துண்டுத் துணி. அதற்கே அவன் மனது அடித்துக்கொண்டது என்று வேதம் சொல்கிறது. உங்கள் கோப்பும் அந்தத் துண்டுத் துணி போலத்தான். பெரிய பாவமாகத் தெரியாது, யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் இங்கே வந்து கேட்கிறீர்களே, உங்கள் மனது ஏற்கெனவே அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது.

இன்னொன்று. குகையை விட்டு வெளியே வந்த தாவீது பேசாமல் போய்விடவில்லை. சவுலின் பின்னாலிருந்து சத்தமிட்டுக் கூப்பிட்டு, எல்லோர் காதும் கேட்க, நீர் எனக்குச் செய்தது அநியாயம் என்று சொல்கிறான். கர்த்தர் நமக்கு நடுநின்று நியாயம் தீர்க்கட்டும், என் கை உம்மேல் படாது என்கிறான். சவுல் அழுகிறான். அழுத பிறகும் தாவீது அவனோடு அரண்மனைக்குப் போகவில்லை. தன் அரணான இடத்துக்கே ஏறிப் போகிறான். ஆகவே சித்தப்பாவை மன்னித்தேன் என்பதற்காக அடுத்த மாதமும் அவரிடம் காசு கொடுக்க வேண்டும் என்றில்லை.

கோப்பைப் பற்றி என் புத்தி எளியது. அவர் உங்கள் இரத்த உறவு. அந்தக் காரணத்தை முகாமையாளரிடம் எழுத்தில் சொல்லி, கோப்பை வேறொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவருக்குச் சாதகமாகவும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம், பாதகமாகவும் போட வேண்டாம்.

நெறியாளர் – திங்கள், காலை 7.30

வாடிக்கையாளர் கோப்பின் விவரங்களை இதற்குமேல் யாரும் கேட்க வேண்டாம், சகோதரியும் எழுத வேண்டாம். ஆட்களை அடையாளம் காட்டும் எதையும் நீக்கிவிடுவேன். விவாதம் தொடரட்டும்.

தேயிலைப் பேரன் – திங்கள், மாலை 5.50

டீச்சர் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் எனக்கு நெஞ்சு எரிகிறது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காத்திரு, காத்திரு என்ற வார்த்தையை எங்கள் மக்களுக்குச் சொன்ன அளவு இந்த நாட்டில் வேறு யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, தாத்தா நாடற்றவரானார். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்றவர்களான 9,75,000 பேரை உட்கார வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று கூறு போட்டார்கள். பாட்டியின் தங்கை குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. பாட்டி அவர்களை மறுபடி பார்க்கவேயில்லை. எஞ்சியவர்களின் குடியுரிமைக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. 1948க்கும் 2003க்கும் நடுவில் 55 ஆண்டுகள். தாத்தா அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டார். 1000 ரூபாய் நாட்கூலிக்காக எத்தனை ஆண்டுகள் வீதியில் நின்றோம்! 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அதற்குள் அரிசி விலை எங்கேயோ போய்விட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஆலயத்தில் எங்களுக்குக் கிடைத்த பிரசங்கம் பொறுமை. துரைமார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காலத்திலும் பொறுமை, அவர்கள் போன பிறகும் பொறுமை. யாக்கோபு 5ஆம் அதிகாரத்தை யாராவது வாசித்துப் பிரசங்கித்தார்களா? வயலை அறுத்தவர்களுடைய கூலியை நீங்கள் பிடித்து வைத்தீர்கள், அந்தக் கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் கர்த்தருடைய செவியில் விழுந்துவிட்டது என்று அங்கே எழுதியிருக்கிறது. கூலியே கத்துகிறது! மஸ்கெலியா சகோதரியின் அம்மாவுடைய 434 நாள் கூலியும் நானுஓயாவில் ஒரு மரக்கறித் தோட்டத்துக்குள் கிடந்து கத்திக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்காதது போல் இருந்துவிடு என்று அவரிடம் சொல்வது எனக்கு விசுவாசமாகத் தெரியவில்லை.

மலையோரப் போதகர் – திங்கள், இரவு 9.20

தம்பி தேயிலைப் பேரன், நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பொறுமையைப் பிரசங்கித்தவர்களில் நானும் ஒருவன். முதலில் என் குற்றத்தைச் சொல்கிறேன்.

ஊழியத்துக்கு வந்த புதிதில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், புருஷன் அடிக்கிறான் என்று ஒரு தாய் என்னிடம் வந்து அழுதார். ஜெபித்தேன். கர்த்தர் பார்த்துக்கொள்வார், பொறுத்திருங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். மூன்றாவது வாரம் தோட்ட மருந்தகத்தில் அவரைப் பார்த்தேன். இடது கை முறிந்து, சீலைத் துண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் "நீங்கள் சொன்னபடி பொறுத்திருந்தேன் ஐயா" என்றார். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. அதுதான் என்னை இன்றுவரை தூங்க விடாமல் செய்கிறது. அன்றைக்கே அவரைப் பொலிஸ் நிலையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

ரோமர் 12:19ஐ நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்று கர்த்தர் சொல்கிறார். அதே வசனத்தில் "கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள்" என்றும் இருக்கிறது. நம் கோபத்துக்கு இடம் கொடுப்பது என்று சிலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தேவனுடைய கோபாக்கினை கடந்து போக வழி விட்டு ஒதுங்கி நில் என்பதே பொருள். நம்முடைய மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழி விடும் அல்லவா, அப்படி. ஒதுங்கி நிற்கிறவன் வண்டியை விட்டு இறங்கி ஓடிப் போகவில்லை. பாதையில்தான் நிற்கிறான்.

அதற்கு அடுத்த அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். அதிகாரத்தில் இருக்கிறவன் தீமை செய்கிறவன்மேல் கோபாக்கினை வரப்பண்ணும் தேவ ஊழியக்காரன் என்று ரோமர் 13 சொல்கிறது. கர்த்தர் பதில் செய்கிற வழிகளில் நீதிமன்றமும் ஒன்று என்றுதான் எனக்கு விளங்குகிறது. அடிக்கப்பட்ட பவுல் பிலிப்பியில் என்ன செய்தார்? இரகசியமாகப் போய்விடுங்கள் என்றவர்களிடம், ரோமராகிய எங்களை விசாரிக்காமல் அடித்தீர்கள், நீங்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போங்கள் என்றார். பிறகு தன் வழக்கை விசாரிக்கும்படி இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, அபயமிட்டார். பவுல் யாரையும் பழிவாங்கவில்லை. வாய் பேசாமலும் இருக்கவில்லை. லூக்கா 18இல் வருகிற விதவையும் அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போனவள். அவளைத்தான் இயேசு சோர்ந்துபோகாத ஜெபத்துக்கு உதாரணமாகக் காட்டினார்.

நம் மூத்தவர்களும் வாய்மூடி இருந்துவிடவில்லை, தம்பி. 1952இல் இலங்கை இந்திய காங்கிரஸ் குடியுரிமைக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தது. கேட்டார்கள், மனுக் கொடுத்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். யாருடைய வீட்டுக்கும் தீ வைக்காமல் இத்தனையும் செய்தார்கள். உங்கள் தாத்தாவின் 55 ஆண்டுக்கு என்னிடம் விளக்கம் இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்று சங்கீதக்காரன் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன்.

சட்டக்காரத் தம்பி – செவ்வாய், காலை 8.10

கண்டியிலிருந்து எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன். ஒருவரும் தொடாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், அதுவும் அவசரமாக.

கர்த்தருடைய வேளைக்குக் காத்திருக்கிறேன் என்று இருப்பவர்களுக்கு நாட்டின் சட்டம் காத்திருக்காது. நம்முடைய காலாவதிக் கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டினது. எழுத்தில் உள்ள ஒப்பந்தம் என்றால் வழக்குப் போட 6 ஆண்டு, வாய்மொழி என்றால் 3 ஆண்டு. 2011இல் வாயால் பேசிக் கொடுத்த காசுக்கு, சாதாரண வழியில் வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டது என்றே எதிர்த்தரப்பு வாதிடும். இடையில் ஒரு சிறு தொகையையாவது அவர் திருப்பிக் கொடுத்தாரா, காசு வாங்கியதை ஏதாவது ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். அப்படி இருந்தால் காலம் புதிதாக எண்ணப்படும். நிலத்தின் மீது உரிமை கோர முடியுமா என்பது வேறு கேள்வி. அதை ஆவணங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வசதி குறைந்தவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

நீதிமன்றம் முடியாவிட்டாலும் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. சட்டத்தரணிகள் அங்கே வரமாட்டார்கள். தீர்ப்புச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவும் மாட்டார்கள். இரண்டு தரப்பையும் ஒரு மேசையில் உட்கார வைத்துப் பேச வைப்பார்கள். 'எந்தக் காசு?' என்று அம்மாவிடம் கேட்டவர், ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் முன்னால் அதே கேள்வியை மறுபடி கேட்கட்டும், பார்ப்போம்.

எங்கள் திருச்சபையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்கள், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கொழும்பில் ஹோட்டல்கள் என்று குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாட்களில் யாரும் சட்டத்தைக் கையில் எடுக்கக் கூடாது என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டகைதான் அதன் பிறகு ஆண்டுக்கணக்காக உண்மையைச் சொல்லுங்கள் என்று ஆட்சியாளர்களை விடாமல் கேட்டு வந்தார். பாதிக்கப்பட்டவர்கள் அடிப்படை உரிமை வழக்குக்குப் போனார்கள். 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தும்படி உத்தரவிட்டது. ஜெபமாலையும் வழக்குக் கட்டும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

பதுளை அம்மாச்சி – செவ்வாய், மாலை 4.30

பேரன் தட்டச்சுச் செய்கிறான், நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1983 ஜூலைக் கலவரத்தில் பதுளை எரிந்தபோது எங்கள் தையல் கடையும் எரிந்தது. நாங்கள் ஆலயத்துக்குள் ஓடித் தப்பினோம். திரும்பி வந்து பார்த்தால் கடையில் சாம்பல்தான் இருந்தது. ஆனால் என் தையல் இயந்திரத்தின் இரும்புகூட அந்தச் சாம்பலில் இல்லை. எரிப்பதற்கு முதல் யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். என் அப்பா சீதனமாகக் கொடுத்தது அது. அதை எடுத்தவன் கை விளங்காமல் போகட்டும் என்று நான் ஜெபித்தேன். ஆம், முழங்காலில் நின்றுதான் ஜெபித்தேன்.

எட்டு ஆண்டு கழித்து ஒரு செத்த வீட்டுக்குப் போனேன். எங்கள் கடைக்கு நாலு கதவு தள்ளி இருந்த குடும்பம். உள்ளறையில் கண் பட்டது. என் இயந்திரம்! மர மூடியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணத் தழும்பு, நான் கலியாணமான புதிதில் கவனமில்லாமல் வைத்துச் சுட்டது. அந்த வீட்டுப் பெண் பிள்ளை, பதினாறு வயது இருக்கும், செத்துப்போன தாய்க்குப் போர்த்த வெள்ளைத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அழுதழுது நூல் கோக்கத் தெரியவில்லை. கீழ் நூல் சிக்கிச் சிக்கி அறுந்துகொண்டிருந்தது.

என் கை தானாகப் போய்விட்டது, பிள்ளைகளே. நான் யோசித்துச் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நூல் சுருளைக் கழற்றி, அந்த இயந்திரத்துக்கு இடது பக்கமாகக் கொஞ்சம் இறுக்க வேண்டும், அது எனக்குத்தான் தெரியும், இறுக்கிக் கொடுத்தேன். துணியைத் தைத்து முடித்தோம். தகப்பன் வாசற்படியில் நின்று பார்த்தார். அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் பிறகும் மன்னிப்புக் கேட்கவில்லை. இயந்திரம் திரும்பி வரவில்லை. அவர் கை விளங்காமலும் போகவில்லை, நன்றாகத்தான் வாழ்ந்து செத்தார். கர்த்தர் பதில் செய்தாரா என்று கேட்டால் நான் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து விடிய விடிய அழுதேன். அதற்குப் பிறகு அந்த ஜெபம் என் வாயில் வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நுவரெலியாப் பையன் – புதன், காலை 11.00

அம்மாச்சி எழுதியதை வாசித்துவிட்டு வேலையில் இருக்க முடியாமல் வெளியே வந்து நின்றேன்.

ஒரு சந்தேகம். நானே நேர்மையாகக் கேட்கிறேன். ஒருவர் எனக்குத் துரோகம் செய்தார். நான் எதுவும் செய்யவில்லை, கர்த்தரிடம் விட்டுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவருக்கு ஏதாவது கெட்ட செய்தி வருகிறதா என்று தினமும் அவருடைய முகநூலைப் பார்க்கிறேன். அவர் பிள்ளைக்குப் பரீட்சையில் பெயில் என்று கேட்டதும் என் நெஞ்சுக்குள் இனித்தது. இது கர்த்தருக்குக் காத்திருப்பதா? பழியை அவரிடம் வேலைக்குக் கொடுத்துவிட்டுக் கணக்குப் பார்ப்பதா?

ஹப்புத்தளை டீச்சர் – புதன், மாலை 6.40

தம்பி, இதைக் கேட்க மிகுந்த நேர்மை வேண்டும். நீதிமொழிகள் 24:17 உங்களுக்காகவே எழுதியது போல் இருக்கிறது: "உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே." எனக்காகவும்தான்.

ஆனால் வேதம் இதை ஒரே அச்சில் வார்த்து வைக்கவில்லை. தன்னை அவமதித்த நாபால் செத்தான் என்று கேட்டபோது தாவீது கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறான். தன் கை அந்தத் தீமையைச் செய்யாமல் தடுக்கப்பட்டதற்கும் சேர்த்து ஸ்தோத்திரிக்கிறான். நாபாலின் மனைவி அபிகாயில் மட்டும் அப்பமும் திராட்சரசமும் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு எதிரே வராதிருந்தால், தாவீதோடு போன 400 பேரும் விடிவதற்குள் ஒரு வீட்டையே அழித்திருப்பார்கள். ஏறக்குறைய பத்து நாளில் கர்த்தர் வாதித்து நாபால் செத்தான். பத்தே நாள்! சவுல் விழுந்த செய்தி வந்தபோதோ தாவீது வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு அழுகிறான், சாயங்காலம் வரை உபவாசம் இருக்கிறான். ஒரே மனிதனுக்குள் இரண்டும் இருந்தன.

சங்கீதம் 109ஐ வாசித்துப் பாருங்கள். இதயம் நடுங்கும் அளவு சாபம். அந்தச் சாபம் கர்த்தரிடம் சொல்லப்பட்டது, சத்துருவின் வீட்டு வாசலில் போய்ச் சொல்லப்படவில்லை. உங்களுக்குள் இனித்ததையும் அவரிடமே சொல்லுங்கள், ஒளிக்காமல். அப்படியே அந்த முகநூல் பக்கத்தையும் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

மஸ்கெலியா மகள் – வெள்ளி, இரவு 8.55

எல்லோரும் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பதுளை அம்மாச்சி எழுதிய இடத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோப்பை செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஒப்படைத்துவிட்டேன். உறவினர் என்று எழுதிக் கொடுத்தேன். முகாமையாளர் ஒன்றும் கேட்காமல் வேறொருவருக்கு மாற்றினார். முடிவு என்னவென்று இங்கே எழுத மாட்டேன், நெறியாளர் சொன்னதை மதிக்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். இன்று சித்தப்பா அலுவலகத்துக்கு வந்தார். என்னைக் கண்டு "மகள், சுகமா?" என்றார். சுகம் என்றேன். கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உள்ளே சமாதானம் பொங்கியது என்று எழுதினால் அது பொய். வெறுமையாக இருந்தது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் முதலில் கேட்டது நான் நினைத்தே பார்க்காத ஒன்று. "அந்த லொறியை ஓட்டுகிற பையன் நம் மேல் லயத்துப் பையன் அல்லவா? லொறி போனால் அவன் பிள்ளைகள் என்ன செய்யும்?" என்றார். ஐந்து நாட்களாக நான் சித்தப்பாவின் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டக்காரத் தம்பி கேட்டதைக் கேட்டேன். 2012 நத்தாருக்கு, "தோட்ட வருமானத்தில் உங்கள் பங்கு" என்று ஒரு சிறு தாளில் எழுதி, சித்தப்பா 5,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். அந்தத் தாளை அம்மா வேதாகமத்துக்குள் வைத்திருந்தார். இத்தனை காலம்!

சட்டக்காரத் தம்பி – வெள்ளி, இரவு 9.30

அந்தத் தாளைக் கவனமாக வையுங்கள், பிரதி எடுங்கள், மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். 2012 என்பதால் நீதிமன்றத்தில் காலத் தடை இன்னமும் சிக்கல்தான், பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் 'எந்தக் காசு?' என்ற கேள்விக்கு அவருடைய கையெழுத்திலேயே பதில் இருக்கிறது. மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பம் எழுத நான் உதவுகிறேன். வேறு செய்தி அனுப்ப வேண்டாம், நெறியாளர் வழியாகவே தொடர்பு கொள்ளுங்கள்.

தேயிலைப் பேரன் – வெள்ளி, இரவு 10.05

அக்கா, அம்மா மத்தியஸ்த சபைக்குப் போகிற நாளில் துணைக்கு யாரும் இல்லை என்றால் சொல்லுங்கள். பொகவந்தலாவையிலிருந்து பஸ் எடுத்து வந்து வாசலில் நிற்கிறேன். போதகர் ஐயா, உங்கள் பதிலுக்கு நன்றி. நீங்கள் அந்தத் தாயைப் பற்றி எழுதியிருக்காவிட்டால் மிச்சத்தை நான் வாசித்திருக்கவே மாட்டேன்.

மஸ்கெலியா மகள் – ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 3.10

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்காக எழுதுகிறேன். போதகர் ஐயாவின் ஆலோசனைப்படி, மத்தேயு 18இல் உள்ளபடி, முதலில் அம்மாவும் நானும் சித்தப்பாவின் வீட்டுக்கே போனோம். தாளைக் காட்டினோம். இலாபத்தில் பங்கு கேட்கவில்லை, கொடுத்த முதலை மட்டும் கேட்டோம். அவர் கோபப்பட்டார். சித்தி தேநீர் ஊற்றி வந்து வைத்தவர், எங்கள் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார். பிறகு மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பம் கொடுத்தோம். கடந்த வாரம் அவருக்கு அழைப்பு போயிருக்கிறது.

இன்று ஆராதனையில் அவர் காணிக்கைப் பையோடு வந்தார். எங்கள் வரிசைக்கு வந்ததும் நிற்காமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அம்மாவின் கையில் மடித்த 50 ரூபாய்த் தாள் இருந்தது. எனக்கு முகமெல்லாம் சூடாகியது. அம்மா மெதுவாக எழுந்தார், முழங்கால் வலியோடு நடுவழியே நடந்து போய், அவர் பக்கத்தில் நின்று, அவர் பையைத் திருப்பும் வரை காத்திருந்து, தாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மத்தியஸ்த சபைக்கு எங்களைக் கூப்பிட்ட நாள் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை. நான் விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவையும் சேர்த்து.